கொடுப்பவரை யார் கட்டுவது? மட்டக்களப்பு வாவிக்கரையில் புரவலர் முறை

மட்டக்களப்பில் அச்சாகும் விழா அழைப்பிதழ்களில், பணம் தந்தவரைக் குறிக்க நாலைந்து சொற்கள் புழங்குகின்றன. விளையாட்டுக் கழகம் என்றால் ‘போஷகர்’. வங்கியோ கடையோ தந்தால் ‘அனுசரணை’. கோயில் திருவிழா என்றால் ‘உபயம்’. புத்தக வெளியீட்டில் முதற்பிரதி வாங்குபவர் ‘புரவலர்’. வீதி ஒன்றோ கட்டடம் ஒன்றோ திறக்கப்படும்போது மட்டும் பணம் யாருடையது என்பது வராது. எந்த அமைச்சரின் பணிப்புரையில் வேலை நடந்தது என்பதுதான் வரும்.

இவற்றை ஒரே செயலின் பல பெயர்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் கொடுப்பவரையும் வாங்குபவரையும் பிணைக்கும் கட்டு வேறு. அதைப் பார்க்க ஒரு கேள்வி போதும். கொடுப்பவர் நினைத்த நேரத்தில் நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் அவருக்கு என்ன நட்டம்? இந்தக் கேள்வியோடு வாவியின் இரு கரைகளையும் பார்த்தால், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இங்கே என்ன மாறியது என்பது ஓரளவு தெளியும்.

வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடையிலான அந்த மணல்மேட்டில்தான் ஊர்கள் நெருங்கியிருக்கின்றன. சூரியன் படும் பக்கம் படுவான்கரை; அங்கே வட்டை வட்டையாக வயல். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் நிலமும் வைத்திருந்த பெரிய காணிக்காரர்களே பெரும்பாலான போடிமார். படுவான்கரையிலேயே குடியிருந்தவர்களும் உண்டு, முஸ்லிம் போடிமாரும் உண்டு. ‘போடி’ என்பது பெயரின் பின்னொட்டாகவும் குடியின், அதாவது தாய்வழிக் குலத்தின், பெயராகவும் நின்றது. உலகிப்போடி குடி இன்றும் இருக்கிறது.

போடியார் தானே சேற்றில் இறங்குவதில்லை. வயலைப் பார்க்க முல்லைக்காரன் இருப்பான். அவனுக்குக் கீழே வயல்காரர். விதைநெல், வாடியில் இருப்பவர்களின் சாப்பாடு, எருமை, வேலிக்கம்பி எல்லாம் போடியார் பொறுப்பு. மாரி மழையில் வீட்டில் நெல் தீர்ந்தால் போடியாரின் நெற்பட்டறையிலிருந்து கடன் வரும். களவெட்டியில் சூடு மிதித்து முடிந்ததும் அது வட்டியோடு கழிக்கப்படும். மகளின் கலியாணம், வைத்தியம், பொலிஸ் வழக்கு என்று வயலுக்கு வெளியிலான தேவைகளுக்கும் வயல்காரன் போய் நின்றது அதே படலையில்தான். தேர்தல் வந்த பிறகு, போடியார் கைகாட்டிய பக்கம் வாக்குப் போவதும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

ஜேம்ஸ் ஸ்கொட் 1972இல் தென்கிழக்காசிய அரசியலைப் பற்றி எழுதிய கட்டுரையில், புரவலர்–சார்ந்தோர் உறவுக்கு இரண்டு அடையாளங்களைச் சொன்னார். இருவருக்கும் இடையில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். ஆனாலும் இருவரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒன்றைத் தந்தாக வேண்டும். போடியார் இதற்கு நன்றாகவே பொருந்துகிறார். நிலம் பரந்து ஆள் குறைந்திருந்த காலத்தில், கை இறுகிய போடியாரை விட்டு வேறு போடியாரிடம் போக வயல்காரனுக்கு இடமிருந்தது. கடன் மட்டும் அவனைப் பின்தொடரும். ஆகவே இந்தக் கட்டை அன்பு என்று எழுதுவோரையும், வெறும் சுரண்டல் என்று எழுதுவோரையும் எனக்கு முழுதாக நம்ப முடிவதில்லை. வட்டி உண்மை, மாரியில் வந்த நெல்லும் உண்மை.

போடியாரை ஒரு ‘வள்ளல்’ என்ற அளவில் நிறுத்தாமல் ஊருக்குக் கட்டுப்பட்டவராக ஆக்கியது வயலைவிடக் கோயில். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன், திருக்கோவில் சித்திரவேலாயுதர் ஆகிய கோயில்கள் தேசத்துக்கோயில்கள் எனப்படுபவை. ஒரு ஊருக்கு மட்டும் உரியவை அல்ல, வட்டாரம் முழுவதற்கும் பொது. இவற்றின் நிருவாகத்தில் இருப்பவர் வண்ணக்கர். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடிக்கோ ஊருக்கோ உரியது. அந்த நாளின் செலவை அவர்கள் ஏற்பார்கள். பூசை முடிவில் காளாஞ்சி எந்த வரிசையில் யார் கைக்குப் போகிறது என்பதில் அவர்களின் இடம் வெளிப்படும். வெளியூர்க்காரருக்கு அது வெற்றிலையும் பாக்கும் தேங்காயும். உள்ளூர்க்காரருக்கு அது ஊரின் சாசனம். அந்த வரிசை பிசகியதற்காக நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு.

அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கென்றிட்ஜும் 1976இல் தென்னிந்தியக் கோயில்களை முன்வைத்து இதையே விளக்கினார்கள். கோயிலில் தெய்வமே அரசர். கொடை தெய்வத்துக்குப் போகிறது. தெய்வம் அதை மரியாதையாகத் திருப்பிப் பங்கிடுகிறது. யார் கொடுத்தார் என்பதை ஊர் அறிவது அந்தப் பங்கீட்டில். மட்டக்களப்பில் இதற்கு ஒரு தனிச் சேர்க்கை உண்டு: கொடுப்பது தனி மனிதரல்ல, குடி. குடி தாய்வழியில் வருகிறது. வண்ணக்கர் பதவி பழைய முறைப்படி மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும். எவ்வளவு பெரிய போடியாரானாலும் தன் கோயில் இடத்தைத் தன் மகனுக்கு எழுதிவைக்க முடியாது. மகன் தாயின் குடியைச் சேர்ந்தவன். முக்குவர் சட்டத்தில் முதுசொம் (பரம்பரைச் சொத்து) சகோதரியின் பிள்ளைகளுக்கு என்று இருந்ததும் இதோடு ஒட்டியதே. கிறிஸ்தொபர் பிரிட்டோ அந்தச் சட்டத்தை 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதை நடைமுறையில் முடித்துவைத்தது. சொத்து குடியின் கையைவிட்டு மகள்மாரின் சீதனத்துக்குள் போயிற்று. கோயில் மட்டும் குடியிடம் நின்றுவிட்டது.

முஸ்லிம் ஊர்களிலும் இதன் சாயல் உண்டு. அங்கும் குடிகள் தாய்வழி. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். கந்தூரிக்கு அரிசி வீடுவீடாகச் சேரும், சோறு வீடுவீடாகத் திரும்பும். டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுநாள் செய்த களப்பணியின் பலனாக 2008இல் வெளியிட்ட நூல் இந்த ஒற்றுமையை விரிவாகக் காட்டுகிறது. இரு சமூகத்தாரும் இன்று அதிகம் பேச விரும்பாத ஒற்றுமை இது.

நமது கேள்விக்கு வருவோம். குடி தன் திருவிழாவை நிறுத்தலாமா? நிறுத்தலாம். ஆனால் அந்த நாளை வேறொரு குடி எடுத்துக்கொள்ளும். விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்கத் தலைமுறை ஒன்று போதாது. எனவே அறுவடை பொய்த்த ஆண்டிலும் கடன்பட்டாவது திருவிழாவை நடத்துவார்கள். இங்கே கொடை கொடுப்பவரின் சுமை, அதே நேரம் அவரின் உரிமை. ‘இது எங்கட திருவிழா’ என்று சொல்லும் குரலில் பெருந்தன்மையைவிட உரிமைக் கோரலே ஓங்கிக் கேட்கும்.

மன்னர் கொடையும் இப்படித்தான் ஒரு கட்டுக்குள் வைக்கப்பட்டது. தம்பிலுவில்–திருக்கோவில் பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, விஜயபாகு என்ற பெயருடைய மன்னன் காலத்தில் சிவஞானசங்கரர் கோயிலுக்கு நிலம் கொடுக்கப்பட்டதைப் பதிகிறது. இத்தகைய கல்வெட்டுகளின் கடைசியில் கொடையைக் குலைப்பவருக்குச் சாபம் வைப்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழமை. அந்தச் சாபம் பின்னால் வரும் அரசனையும் கட்டும். கல்லில் வெட்டாதவற்றை ஓலையில் பாட்டாக்கி, அதையும் ‘கல்வெட்டு’ என்றே அழைத்தார்கள் மட்டக்களப்பார். எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ அத்தகைய பாடல்களைக் கொண்டது. இந்த மரபில், யாருக்கு எந்த உரிமை, யாருக்கு எந்த ஊழியம் என்பதைப் பாட்டு நினைவில் வைத்தது. வரலாற்று ஆதாரம் என்ற வகையில் அவற்றை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். உரிமைப் பட்டியல் என்ற வகையில் அவை முதல்தரமானவை.

இந்த இடத்தில் பழைய முறையைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது எளிது. அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்களைப் பார்த்தால் புகழ்ச்சி நின்றுவிடும். கோயிலில் பறைமேளம் அடிப்பது, நிலபாவாடை விரிப்பது, வெள்ளை கட்டுவது ஆகிய ஊழியங்களும் ‘உரிமை’ என்றே பெயர் பெற்றன. ஊழியம் செய்தவருக்கு நெல்லும் பங்கும் உண்டு. அவர் வராவிட்டால் திருவிழா நடக்காது என்ற ஒரு பலமும் உண்டு. ஆனால் அந்தப் பலம் அவரை அந்த இடத்திலேயே வைத்திருப்பதற்கான பலமாகவும் இருந்தது. மக்கில்வ்ரே 1983இல் இலங்கைப் பறைமேளக்காரரைப் பற்றித் தனியாக எழுதிய கட்டுரை இந்த இரட்டை நிலையைப் பேசுகிறது. போடியார் கொடுப்பதை நிறுத்தினால் மரியாதை போகும். மேளகாரர் அடிப்பதை நிறுத்தினால் பிழைப்பே போகும். இரண்டும் சமமான கட்டல்ல. கல்வியும் நகரமும் வேறு பிழைப்பைக் காட்டியதும் பல இளைஞர்கள் மேளத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் அருகதை இல்லை.

கலைக்குப் புரவலர் யார் என்று கேட்டால், கூத்தைப் பொறுத்தவரை முதல் பதில் கூத்தரே. வடமோடியானாலும் தென்மோடியானாலும் அண்ணாவியார் சட்டம் (ஆடுபவருக்கான பாட்டுப்படி) கொடுத்த நாளிலிருந்து பல மாதப் பழக்கம். சதங்கை அணி, கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல், பிறகு அரங்கேற்றம். உடுப்புச் செலவு உட்படப் பெரும்பகுதியை ஆடுபவர்களே சுமந்தார்கள். அரங்கேற்றக் களரியில் உறவினர் சால்வை போர்த்திப் பணம் கொடுப்பார்கள். அதன்பின் வீட்டுக்கு வீடு ஆடி ஊரின் அன்பளிப்பைப் பெறுவார்கள். போடியார் வீட்டு முற்றத்தில் கூடுதலாக ஒரு பங்கு கிடைக்கும்; ஆனால் கூத்து போடியாரின் கூத்து ஆகிவிடாது. அதனால் விடியும்வரை ஆடலாம், ஒரே தருவை (கூத்துப் பாட்டை) பத்துத் தடவை படிக்கலாம். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

1960களில் புதிய புரவலர் வந்தார். பேராதனையிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவினூடாகக் கூத்தைத் தேடி வந்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’ அச்சேறியது. 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ பல்கலைக்கழக மாணவர்களோடு மேடையேறின. மௌனகுரு என்ற மட்டக்களப்பு இளைஞர் அந்த மேடையில் வளர்ந்து, பின்னர் இத்துறையின் முதன்மை ஆய்வாளரானார். கிராமத்தார் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டதற்கு அரசும் பல்கலைக்கழகமும் மதிப்புக் கொடுத்தது பெரிய காரியம். கூடவே வட்டக்களரி படச்சட்ட மேடையானது, ஓர் இரவு ஒன்றரை இரண்டு மணி நேரமானது, பார்ப்பவர் காற்சட்டையோடு கதிரையில் அமர்ந்தவரானார். புதிய புரவலருக்கு வேறு கண் இருந்தது. கலை அந்தக் கண்ணுக்கு ஏற்பச் சுருங்கியது, அழகும் பெற்றது. இதில் எது கூடுதல் என்ற சண்டை கிழக்குப் பல்கலைக்கழக வட்டாரத்தில் இன்னும் ஓயவில்லை. வட்டக்களரியில் விடியற்காலை நாலு மணிக்கு அரைத்தூக்கத்தில் பார்க்கும் கூத்துக்கு நிகர் இல்லை என்ற கட்சியில் நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

நூலுக்குப் புரவலர் தேடிய கதை கொஞ்சம் வருத்தமானது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர், அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1931இல் தமிழ்ப் பேராசிரியரானார். அவருடைய வாழ்நாள் ஆய்வான ‘யாழ்நூல்’ 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். பொருள் தந்து தாங்கியவர் கோனூர் ஜமீன்தார் சிதம்பரஞ் செட்டியார். அடுத்த மாதம் 19ஆம் திகதி விபுலாநந்தர் காலமானார். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தபோது அதை அச்சிட முன்வந்தது யாழ்ப்பாணத்து ஈழகேசரிப் பொன்னையா நினைவு வெளியீட்டு மன்றம். இரண்டு பெருநூல்களும் வாவிக்கரையாரின் உழைப்பு. இரண்டுக்கும் பணம் வெளியே இருந்து. இங்கே செல்வர் இல்லாமல் இல்லை. தேருக்கும் திருவிழாவுக்கும் தாராளமாகக் கொடுத்த கைகள் நூலுக்குத் தயங்கியதற்குக் கஞ்சத்தனத்தைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நூலுக்குக் கொடுத்தவருக்குக் காளாஞ்சி வரிசையில் இடமில்லை. கொடுக்காமல் விட்டவருக்கு அந்த வரிசையில் இழப்பும் இல்லை. கட்டாத இடத்துக்குப் பணம் போகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாரையும்விடப் பெரிய புரவலராக அரசு வந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் அழைத்த ஆற்றை மறித்துச் ‘சமுத்திரம்’ என்று பெயரிட்ட நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். காணி இனி போடியாரிடமிருந்தல்ல, அரசிடமிருந்து. அதுவும் யாருக்கு எவ்வளவு என்பது கொழும்பில் தீர்மானமாகும். மாவட்டமே 1961இல் பிரிந்து அம்பாறை தனியானது. 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புத் தர முயன்றது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணியை 25 ஏக்கராக வரையறுத்தது. சீதனத்தால் ஏற்கனவே துண்டுபட்டிருந்த போடியாரின் நிலம் மேலும் குறுகியது. உழவு இயந்திரமும் வங்கிக் கடனும் முல்லைக்காரனின் தேவையைக் குறைத்தன.

போடியார் ஒதுங்கிய இடத்தில் பாராளுமன்ற உறுப்பினர் வந்து நின்றார். 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டம் தொடங்கியது. தொகுதியில் எந்த மதகு, எந்த மண்டபம் என்பதைச் சொல்லும் அதிகாரம் உறுப்பினர் கைக்குப் போயிற்று. 1977இல் வந்த அரசு வேலை வங்கித் திட்டத்தில் விண்ணப்பப் படிவத்தையே உறுப்பினர் ஊடாக விநியோகித்தது. 1956 முதல் மட்டக்களப்பின் உறுப்பினராக இருந்த செ. இராசதுரை 1979இல் தமிழர் விடுதலைக் கூட்டணியை விட்டு ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய்ப் பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். அந்தத் தாவலைத் துரோகம் என்றவர்கள் இருந்தார்கள்; நாலு பேருக்கு வேலை கிடைக்குமென்று நம்பியவர்களும் இருந்தார்கள். ‘உரிமையா, அபிவிருத்தியா’ என்று இன்றுவரை ஒவ்வொரு தேர்தலிலும் மட்டக்களப்பு மேடைகளில் கேட்கும் கேள்வியை அந்த ஆண்டின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

அந்தக் கேள்வியே கோணலானது. பழைய ஒழுங்கில் கொடையைக்கூட உரிமை என்று அழைத்தார்கள். புதிய ஒழுங்கில் உரிமையைக்கூடக் கொடையாக வாங்குகிறோம். வரிப்பணத்தில் போட்ட வீதிக்கு நன்றிப் பதாகை கட்டுகிறோம். கல்லடியில் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயர் தாங்கிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இலும், கொக்கட்டிச்சோலைக்குப் போகும் மண்முனைத் துறையில் 2014இலும் புதிய பாலங்கள் திறக்கப்பட்டன. இரண்டும் யப்பானிய உதவி. திறந்தவர்களின் பெயர் ஊருக்குத் தெரியும். எது கடன், எது நன்கொடை, யார் திருப்பிக் கட்டுவது என்று கேட்டால் பதில் வருவது அரிது. போடியாரின் கடனில் வட்டி எவ்வளவு என்பதாவது வயல்காரனுக்குத் தெரிந்திருந்தது.

நடுவில் போர். அந்த ஆண்டுகளில் ஆயுதம் வைத்திருந்தவரே வரியும் வாங்கினார், பாதுகாப்பும் ‘கொடுத்தார்’. 2004 திசம்பர் சுனாமியின் பின் உலகமே புரவலராகிக் கரையோரத்தில் இறங்கியது. பெனடிக்ட் கோர்ஃபும் சகாக்களும் 2010இல் எழுதிய கட்டுரை, நல்லெண்ணத்தோடு வந்த உதவி இங்கே எப்படிச் செல்வாக்குப் பண்டமாக மாறியது என்று காட்டியது: வெளிநாட்டவருக்குப் படமும் பெயர்ப்பலகையும் வேண்டும், உள்ளூர்த் தலைவருக்குப் பட்டியலில் தன் ஆட்கள் வேண்டும். வாங்கியவரிடம் இருந்தது நன்றி மட்டும். உதவி கொண்டுவந்த வெளிநாட்டவர் போனபோது அவர்கள் எதையும் இழக்கவில்லை. திருவிழாவை விட்ட குடிக்கு இருந்த நட்டம்கூட அவர்களுக்கு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. போடியார் முறை போனது நல்லது. அதன் அடித்தட்டில் சாதி இருந்தது, கடன் இருந்தது. அதோடு கூடப் போன ஒன்றுக்காக வருந்தலாம்: கொடுப்பவரை ஊர் அறியப் பிடித்து நிறுத்திய பட்டியல். யாருக்கு எந்த நாள், யார் என்ன தர வேண்டும், தராவிட்டால் என்ன என்பது வாவிக்கரையில் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் எந்த ஊருக்கு எவ்வளவு, எந்தச் சங்கத்துக்கு ஏன், எந்தக் கோயிலுக்கு யாருடைய சிபாரிசில் என்ற பட்டியல் அலுவலகக் கோப்புக்குள் கிடக்கிறது. கொடுப்பவரைக் கட்ட சாபமோ காளாஞ்சியோ இனி உதவாது. உதவக்கூடியது சட்டம்.

அந்தச் சட்டம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இலங்கைப் பிரசை எவரும் தன் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் இந்தப் பட்டியலைக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் தங்கள் ஊருக்கு வந்த நிதியின் விபரத்தை ஆண்டுக்கொரு முறை கேட்டு வாங்கி அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். விண்ணப்பம் கிடைத்த 14 வேலை நாட்களுக்குள், தருவதா மறுப்பதா என்று அலுவலர் முடிவு சொல்லியாக வேண்டும்.